பக்கத்துக்கு நாலு லிட்டர்

இறக்கைக்குள் இருக்கும், குழாய்க்கு எட்டாது.
கரண்டிக்குச் சிக்காத அடிக்கஞ்சி.
பயன்படா எரிபொருள் என்கிறது கையேடு:
சுமந்து பறக்கலாம், எரிக்க முடியாது.
அதைக் கழித்து, பக்கத்துக்குத் தொண்ணூற்றொன்று,
ஐந்து மணி நேரம் என்று
ஹூப்ளியில் பென்சிலால் எழுதினேன்.

வலப்பக்கச் சீட்டில் உய்க்காட்டான் தூங்குகிறார்.
பணகுடியில் எட்டு, கயத்தாற்றில் பதினாலு
காற்றாலைக்குச் சொந்தக்காரர்.
விமானமும் அவருடையது,
தூக்கமும் அவருடையது.

அரைமணிக்கொருதரம் குமிழைத் திருப்ப வேண்டும்,
இடது, வலது, இடது.
இரட்டைப் பிள்ளைக்குப் பால் கொடுப்பவளின் கணக்கு.
இடது முள் போன ஐப்பசியிலிருந்து
பாதியிலேயே படுத்துக் கிடக்கிறது.
பாகம் வரவில்லை என்று ஆபிரகாம் தங்கதுரை
மூன்று தரம் எழுதிவிட்டான்.
ஆகவே கடிகாரம், பென்சில், நான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் ஆடிக்காற்று
மலையிறங்கி வந்து மூக்கைப் பிடித்தது.
இஞ்சின் இருமும்வரை கலவையை மெலித்து
ஒரு நூல் கூட்டினேன்.
கீழே இதே காற்றை
யூனிட் யூனிட்டாக விற்கிறார் மனிதர்.
மேலே அது என் லிட்டரைக் குடிக்கிறது.

சங்கரன்கோவில் கோபுரம்.
சரியாக நாலு மணி நேரம்.
அப்போதுதான் விழித்தார்.

"கேப்டனம்மா, அந்தா வரிசையாத் தெரியுதுல்லா,
நம்ம பதினாலும் அங்கதான்.
ஒரே ஒரு சுத்து.
வீட்டுல மொட்டமாடியில நிக்கா,
துண்ட வீசுதேன்னு சொல்லிருக்கா."

ஒரு சுற்று நாலு நிமிடம். இரண்டரை லிட்டர்.
முடியாது என்றேன்.
"ரெண்டர லிட்டருக்கா இந்தப் பாடு? டாங்கி யாருது?"
டாங்கி உங்களுது, இறக்குறது என்னுது.
சம்பளம் என்ற சொல் வந்தது.
பொம்பள என்று தொடங்கிய ஒன்று பாதியில் நின்றது.
எனக்குப் பிடரி சுட்டது.
அதற்குப்பின் வல்லநாட்டு மலைவரை
இஞ்சின் மட்டும் பேசியது.
இறங்கும் பட்டியலை வாய் ஒப்பித்தது.
கை எங்கே இருந்ததென்று தெரியவில்லை.

வகைகுளம். தூரத்தில் உப்பளம், வெள்ளைச் சதுரங்கள்.
சக்கரம் தரை தொட்டது.

இந்தப் பெட்ரோல் இங்கே கிடைக்காது,
மதுரையிலிருந்து டிரம்மில் வரவேண்டும்.
எத்தனை லிட்டர் கேட்பதென்று அளக்கப் போனேன்.
வலது: குச்சி பதினொன்று என்றது.
நாலைக் கழித்தால் ஏழு.
பதினோரு நிமிடம்.
இடது:
குச்சி நனையவில்லை.
திருப்பிப் பிடித்து விட்டுப் பார்த்தேன்.
அந்த நாலும் இல்லை.
என் தாளில் அங்கே பத்தொன்பது இருந்தது.

இறக்கையின் அடியில் நீலக்கறை
மை கொட்டியதுபோல் வால்பக்கம் ஓடியிருந்தது.
வடிகால் வால்வின் வாயில் ஒரு மணல், கடுகில் பாதி.
காலையில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க
அதைத் திறந்தது நான்தான்.

தாளைப் பார்த்தேன்.
நாலு மணிக்கு எதிரே 'இடது' என்று இருக்கவேண்டும்.
வெறும் கோடு.
பதினைந்து வருடத்தில் குமிழைத் திருப்ப மறந்தது
ஒரு சண்டையில், இந்த ஒரு தடவை.

"எவ்வளவு மிச்சம்?"
ஏழு என்றேன்.
"பாத்தியளா, சுத்தியிருந்தாலும்
நாலர இருந்திருக்கும்லா."
கணக்கு சரிதான்.
போனை எடுத்து நகர்ந்தார்.
அவர் சமாதானம் சொல்லும் குரல்
சமாதானம் ஆகாத மறுமுனை.

ஆபிரகாமுக்கு எழுத வேண்டியதை எழுதினேன்.
இவரிடம் இன்றைக்குச் சொல்லமாட்டேன்.
கயத்தாற்றில் வெயிலில் துண்டோடு
வராத வட்டத்துக்காக நின்றவளிடம்
ஒருநாள் சொல்ல வேண்டும்.